ஊறவைத்துக் காயவைத்த மிளகாய் விதை கார்த்திகை வரை தாங்குமா?

கோப்பாய்த் தறை எழுதியது:

வணக்கம். நாங்கள் யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கம் ஒரு சின்னப் பெண்கள் குழு. வீட்டுத் தோட்டத்தில் மிளகாய், கத்தரி, தக்காளி, பாகல், பயற்றை, வெண்டி என்று விதை எடுத்துக் காயவைத்துப் பைக்கற்றில் போட்டு அயலுக்கு விற்கிறோம். கூடப் போவது மிளகாய்தான். பழம் ஆடிக்குள் பழுத்து முடிந்துவிடும். விதையைப் பிரித்து நிழலில் காயவைத்துப் போத்தலில் போட்டால், கார்த்திகை, மார்கழியில் நாற்றுமேடை போடுகிறவர்கள் வாங்குவார்கள்.

வாங்குகிறவர்களிடமிருந்து வருகிற ஒரே முறைப்பாடு, முளைக்கச் சுணங்குகிறது என்பது. ஒரு மூலையில் வந்து மற்ற மூலையில் வராமல் மேடை சொட்டை சொட்டையாக நிற்கிறதாம். குழுவில் விவசாயம் படிக்கிற பிள்ளை ஒன்று பிரைமிங் செய்யலாம் என்கிறது. அளவாக ஊறவைத்து, முளை வெளியே வருமுன் எடுத்து, பழையபடி காயவைப்பது. அப்படிச் செய்த விதை வேகமாகவும் ஒன்றாகவும் முளைக்குமாம். இப்போது சோளகம் நன்றாக வீசுகிறது, வெயிலும் உண்டு. கார்த்திகையில் அடைமழைக்குள் எதைக் காயவைப்பது? ஆகவே இப்போதே முழு விதையையும் ஊறவைத்து உலர்த்திப் பைக்கற் போட்டுவிட்டால் விலையும் கொஞ்சம் கூட்டலாம் என்று யோசனை.

எனக்கு ஒரு சந்தேகம். அப்படிச் செய்த விதை மூன்று நாலு மாதம் இருக்குமா? யாரும் செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.


சுன்னாகச் சந்தி எழுதியது:

அக்கா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? காய்ந்த விதை காய்ந்த விதைதானே. உள்ளே போன தண்ணீர் வெளியே வந்துவிட்டால் பழைய நிலைதான். வெளிநாட்டுக் கம்பனிகள் பிரைம் செய்த விதையை ரின்னில் அடைத்துக் கப்பலில் அனுப்புகிறார்கள். அவர்கள் விற்கலாம், நாங்கள் விற்கக்கூடாதா? சந்தையில் வேகமாக முளைக்கிற விதைக்குத்தான் மதிப்பு. செய்யுங்கள்.


விதைக்கூடம் எழுதியது:

சந்தி அண்ணை, பழைய நிலைக்கு வராது என்பதுதான் இங்கே முழுச் சிக்கலும். கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

விதை தண்ணீர் குடிப்பது மூன்று கட்டமாக நடக்கும். முதலில் கடகடவென்று உறிஞ்சும். இது வெறும் பௌதிகம், செத்த விதைகூட இதைச் செய்யும். இரண்டாவது கட்டத்தில் தண்ணீர் அதிகம் ஏறாது, ஆனால் உள்ளே வேலை தொடங்கிவிடும். சுவாசம் கூடும், சேதமான மரபுப்பொருள் பழுதுபார்க்கப்படும், புதிய புரதங்கள் உருவாகும், முளைவேரை மூடியிருக்கும் பகுதி இளகும். மூன்றாவது கட்டத்தில் வேர் வெளியே வரும். பிரைமிங் என்பது இரண்டாவது கட்டத்தின் பிற்பகுதியில் நிறுத்திவிட்டுத் திருப்பி உலர்த்துவது. நொட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் ஹைடெக்கர் குழுவினர் 1973இல் பொலிஎதிலீன் கிளைக்கோல் கரைசலில் செய்து காட்டிய பிறகுதான் இது பெரிதாகப் பரவியது. அந்தக் கரைசலில் விதையால் ஓரளவுக்கு மேல் தண்ணீர் எடுக்க முடியாது, அதனால் முளை வெளியே வராது.

இனிச் சேமிப்புக்கு வருவோம். முற்றிக் காய்ந்த விதை நீண்ட நாள் உயிரோடு இருப்பதற்கு அதனிடம் தனி ஏற்பாடுகள் உண்டு. கலத்துக்குள் இருப்பது கண்ணாடி மாதிரி இறுகிவிடுகிறது. காய்ந்துபோவதைத் தாங்கவைக்கும் புரதங்கள் சில விதை முற்றும்போதே சேர்ந்துவிடுகின்றன. முளைக்கத் தொடங்கியதும் விதை இவற்றில் பலதைக் கைவிடத் தொடங்கும், ஏனென்றால் இனித் தேவையில்லை என்று அது முடிவெடுத்தாயிற்று. செருப்பும் போட்டுப் படலை வரை போன ஆளைத் திருப்பிக் கூட்டிவந்து பாயில் படு என்று சொல்கிற மாதிரி. படுப்பார், ஆனால் பழைய நித்திரை வராது.

தக்காளியிலும் சலாதுக் கீரையிலும் கலிபோர்னியாவில் பிராட்போர்ட் குழு 1980களின் கடைசியிலிருந்து இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறது. பிரைம் செய்த விதை வேகமாக முளைக்கும். அதே விதையைச் சூடும் ஈரமும் உள்ள இடத்தில் வைத்தால், ஊறவைக்காத விதையைவிட முன்னதாகச் சாகும். மிளகாய் இனத்திலும் பார்த்திருக்கிறார்கள். குடைமிளகாயைப் பிரைம் செய்தபோது ஆயுளும் குறைந்தது, சில சர்க்கரைகளும் குறைந்தன. ஆனால் அந்தக் கண்ணாடித் தன்மை மாறவில்லை. ஆக, சர்க்கரை குறைந்ததால்தான் ஆயுள் குறைந்தது என்று நேராகச் சொல்ல முடியாது. முளைவேர் நுனியில் கலங்கள் மரபுப்பொருளை இரட்டிப்பாக்கத் தொடங்கிவிடுவதும் ஒரு காரணம் என்கிறார்கள்.

இதற்கு மேல் எங்கள் ஊர்க் காலநிலை. ஆவணியில் காய்ந்த விதை ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றுக்குள் இருக்கப் போகிறது. ஹாரிங்டன் என்ற விதை ஆய்வாளர் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், வெப்பம் 5 பாகை செல்சியஸ் அளவில் குறைந்தாலும் அப்படியே. திருப்பிப் பிடித்தால் எங்கள் அறை வெப்பமும் மாரி ஈரமும் என்ன செய்யும் என்று விளங்கும். ஊறவைக்காத மிளகாய் விதை இதைத் தாங்கிவிடும். ஊறவைத்தது தாங்கும் என்று பைக்கற்றில் எழுதி விற்க நான் துணியமாட்டேன்.


பழைய கமக்காரன் எழுதியது:

தம்பி விஞ்ஞானமாகச் சொன்னதை நாங்கள் வேறு விதமாகச் செய்தோம். வைக்கிற விதைக்குத் தண்ணீர் காட்டுவதில்லை. மிளகாயைப் பழமாகவே காயவைத்து, பிரிக்காமல் வைப்போம். பீர்க்கும் அப்படித்தான், கூட்டோடு அடுப்படிக்கு மேலே தொங்கும். கத்தரி விதையைச் சாம்பலில் பிரட்டி வைப்போம். பயறுக்குள் வேப்பிலை. நாளைக்கு விதைப்பு என்றால் இன்று பின்னேரம் ஊறப்போடுவோம். அவ்வளவுதான். இப்போது எல்லாவற்றையும் பைக்கற்றில் போட்டு விற்கப் போய்த்தான் இந்தக் கேள்வியெல்லாம் வருகிறது. குறையாகச் சொல்லவில்லை, பிள்ளைகளே. செய்யுங்கள்.


தென்மராட்சி வயல் எழுதியது:

நெல்லுக்கும் இதே கதைதான். 2015இல் சீனாவில் இருந்து வந்த ஓர் ஆய்வைப் படித்தேன். பிரைம் செய்த நெல் விதையை 25 பாகையில் வைத்தபோது 15 நாளைத் தாண்டியதும் நன்மை முழுவதும் போய்விட்டது. போனது மட்டுமில்லை, ஒன்றும் செய்யாத விதையைவிட மோசமாக முளைத்திருக்கிறது. உறைநிலைக்குக் கீழே −4 பாகையில் வைத்தது 60 நாள் வரை நன்றாக இருந்தது. காற்று எடுத்து அடைத்ததும், நன்றாக ஈரம் நீக்கிய காற்றில் வைத்ததும் அப்படியே. மாப்பொருள் சர்க்கரையாக உடைகிற வேலை கெட்டுப்போனதுதான் காரணம் என்று எழுதியிருந்தார்கள்.

25 பாகை எங்களுக்குக் குளிர் நாள்!

எங்கள் பக்கம் இன்னொரு தலையிடி உண்டு. புழுதி விதைப்பில் மழைக்கு முந்தியே நெல்லை எறிந்துவிடுவோம். மழை சுணங்கினால் விதை சுடுமண்ணுக்குள் கிடக்கும். அதுவும் சேமிப்புத்தானே, மோசமான சேமிப்பு. மழையை எதிர்பார்த்து ஊறவைத்து உலர்த்திய நெல்லைப் புழுதியில் எறிகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். மண்ணில் ஈரம் பிடித்த பிறகு விதைக்கிறவர்களுக்குத்தான் பிரைமிங் கைகொடுக்கும்.


சுன்னாகச் சந்தி எழுதியது:

சரி, விளங்குகிறது. ஆனால் கம்பனிக்காரன் எப்படி விற்கிறான் என்று ஒருவரும் சொல்லவில்லையே? போன முறை நான் வாங்கிய பீற்றூட் விதை சிவப்பு நிறத்தில் இருந்தது. அது பிரைம் செய்ததுதானே?


விதைக்கூடம் எழுதியது:

நிறம் பிரைமிங்கின் அடையாளம் இல்லை. பெரும்பாலும் பூஞ்சணக் கொல்லியும் மேற்பூச்சும். அந்த விதையை ஊறவைத்தால் மருந்து கழுவிப் போய்விடும். மிஞ்சியதைக் கோழிக்கும் போடக் கூடாது. பிரைம் செய்திருந்தால் பைக்கற்றில் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள்.

கம்பனிகளின் கதை வேறு. முதலாவது, அவர்களிடம் ஈரம் கட்டுப்படுத்திய குளிர் அறை இருக்கிறது. இரண்டாவது, பிரைம் செய்த சலாது விதையை அந்தப் போகத்துக்குள் விதைத்து முடிக்கும்படிதான் விற்கிறார்கள், அடுத்த வருடத்துக்கு வைக்கச் சொல்வதில்லை. மூன்றாவதாக உலர்த்தும் விதம். பிரைமிங் முடிந்ததும் உடனே கடகடவென்று உலர்த்தாமல், விதையில் கொஞ்சம் ஈரத்தைக் குறைத்து, 37 முதல் 40 பாகைச் சூட்டில் இரண்டு முதல் நாலு மணி நேரம் வைத்து, அதன் பிறகு முழுதாக உலர்த்தினால் இழந்த ஆயுளில் பெரும் பகுதி திரும்பக் கிடைக்கிறது என்று தக்காளியில் காட்டியிருக்கிறார்கள். அந்தச் சின்ன வாட்டத்தில் விதை சில பாதுகாப்புப் புரதங்களை மறுபடி ஆக்கிக்கொள்ளுமாம்.

உடனே முற்றத்துச் சீமெந்துத் தரையில் வெயிலுக்குப் போட்டு 40 பாகை காட்டலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நண்பகல் சீமெந்து அதைவிட எவ்வளவோ கூடச் சுடும். ஈர விதை அந்தச் சூட்டில் அவிந்துவிடும்.


கோப்பாய்த் தறை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் புது விதையை ஊறவைத்து வைப்பதில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இன்னொன்று கேட்கவேண்டும். போன வருடத்துக் கத்தரியும் மிளகாயும் ஒவ்வொரு போத்தல் மிஞ்சியிருக்கின்றன. ஈரத் துணியில் சுற்றிப் பார்த்தால் முளைக்கிறது, ஆனால் சோம்பலாக, ஒன்று விட்டு ஒன்று. இதற்கும் தண்ணீர் காட்டக் கூடாதா?


விதைக்கூடம் எழுதியது:

இங்கேதான் கதை திரும்புகிறது. பழசாகித் தளர்ந்த, ஆனால் இன்னும் சாகாத விதைக்கு ஊறவைத்து உலர்த்துவது சில நேரம் ஆயுளைக் கூட்டவே செய்கிறது. ஊறும்போது அந்தப் பழுதுபார்க்கும் வேலை நடக்கிறதல்லவா? சேதம் கூடிய விதைக்கு அந்த இலாபம், பாதுகாப்பை இழந்த நட்டத்தைவிடப் பெரிதாகிவிடும். இங்கிலாந்தில் டிஜிற்றாலிஸ் என்ற பூஞ்செடி விதையில் 2009இல் வெளியான ஆய்வு இதைத்தான் காட்டியது: தரம் குறைந்து போயிருந்த விதைக்குப் பிரைமிங் ஆயுளைக் கூட்டியது, நல்ல விதைக்கு அந்த இலாபம் கிடைக்கவில்லை.

இந்தியாவில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாசு குழுவினர் 1970களிலிருந்து இதையே ஒரு முறையாக வளர்த்தார்கள். சேமிப்பின் நடுவில் விதையைச் சிறிது நேரம் நனைத்து உலர்த்தி மறுபடி வைப்பது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் இதற்கு மிக நீர்த்த டைசோடியம் பொஸ்பேற் கரைசலைப் பரிந்துரைக்கிறது. இது முளை வெளிவரும் விளிம்பு வரை கொண்டுபோகிற பிரைமிங் இல்லை, குறுகிய நனைப்பு. நனைத்த பின் பழைய ஈரத்துக்குத் திரும்ப உலர்த்துவதுதான் இதன் உயிர். அரைகுறையாக உலர்ந்தால் இருந்ததும் போகும்.

ஆனால் உங்கள் இரண்டு போத்தலுக்கும் நான் அவ்வளவு மினக்கெடமாட்டேன். இந்தக் கார்த்திகையிலேயே விதைப்பது என்றால் விதைக்கிற நேரம் ஊறவையுங்கள், சோம்பல் ஓரளவு தெளியும். விற்பனைக்குப் புது விதையைக் கொடுங்கள்.


லண்டன் மாடித்தோட்டம் எழுதியது:

நான் ஊரிலிருந்து கொண்டுவந்த பாகல் விதையை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன், வருடக்கணக்காக முளைக்கிறது. ஏன் இவ்வளவு கரைச்சல்? எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கோவன்.


தென்மராட்சி வயல் எழுதியது:

லண்டன், 2022இல் இங்கே ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு அறிவித்தார்கள். ஃபிரிட்ஜ் அலுமாரியாக நின்ற காலம்.


விதைக்கூடம் எழுதியது:

லண்டன் சொல்வதிலும் நியாயம் உண்டு. குளிர் நல்லது, ஆனால் முதலில் நன்றாக உலர்த்த வேண்டும், அதன் பிறகுதான் குளிர். ஈர விதையை ஃபிரிட்ஜில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் போத்தல் வேண்டும். எடுக்கும்போது போத்தலை மூடியபடியே அறைச் சூட்டுக்கு வரவிட்டுத் திறக்க வேண்டும். குளிரோடு திறந்தால் எங்கள் காற்றின் ஈரம் முழுவதும் விதையில் வியர்த்து நிற்கும். நிமிடத்துக்கு ஒரு தரம் மின்சாரம் வந்து போகிற இடத்தில் ஃபிரிட்ஜைவிட, நன்றாக உலர்த்தி அடைத்த போத்தல் குளிர்ந்த உள்ளறையில் இருப்பது மேல்.


பழைய கமக்காரன் எழுதியது:

காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி. காய்ந்த தூள் உப்பைப் போத்தலில் போட்டு, விதையையும் போட்டுக் குலுக்கிக் கொஞ்சம் வையுங்கள். உப்புக் கட்டிபட்டால் விதை காயவில்லை.


விதைக்கூடம் எழுதியது:

ஐயா சொன்ன சோதனை சரிதான், ஆனால் அது ஒரு பக்கத்தைத்தான் காட்டும். உப்பு கட்டிபடுவது காற்றின் ஈரப்பதன் 75 சதவீதம் அளவுக்கு வரும்போது. கட்டிபட்டால் விதை நிச்சயம் ஈரம். கட்டிபடாவிட்டால் நீண்ட நாள் வைக்கும் அளவுக்குக் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. காய்கறி விதைக்கு 8 சதவீத ஈரம் அல்லது அதற்குக் கீழே என்றால்தான் போத்தலை இறுக்கி மூடலாம்.

அந்த அளவுக்குக் கொண்டுபோக சிலிக்கா ஜெல் கிடைக்காவிட்டால் அரிசி போதும். அரிசியைச் சட்டியில் பொன்னிறத்துக்குக் கிட்ட வறுத்து, சூட்டோடு போத்தலில் போட்டு மூடி ஆறவிடுங்கள். ஆறியதும் விதையை மெல்லிய துணிப்பையில் கட்டி அதற்குள் வையுங்கள். விதையைப் போல ஒன்றரை இரண்டு மடங்கு அரிசி வேண்டும். ஒரு கிழமை கழித்து அரிசியை எடுத்துவிட்டு விதையை மட்டும் புதுப் போத்தலில் அடையுங்கள். மிளகாய் விதை நன்றாகக் காய்ந்தால் நகத்தால் மடிக்கும்போது வளையாமல் டக்கென்று உடையும்.


தீவகம் எழுதியது:

ஒருவரும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. வேலணைப் பக்கம் எங்கள் கிணறு கோடையில் உவர். உப்புக் கரைசலில் பிரைமிங் செய்கிற முறையும் உண்டுதான், ஆனால் அது நிறுத்து அளந்து போடுகிற உப்பு. கிணற்று உப்பு இன்றைக்கு ஒன்று, மோட்டரை அரை மணி கூட ஓடவிட்டால் இன்னொன்று. மாரியில் பிடித்த மழைத்தண்ணீரைத்தான் நான் விதைக்கு எடுப்பேன். அதோடு பயற்றை, கௌபி விதையை வாளித் தண்ணீரில் கொட்ட வேண்டாம். நன்றாகக் காய்ந்த அவரை இன விதை ஒரேயடியாகத் தண்ணீர் இழுத்தால் உள்ளே வெடித்துவிடும், தோல் கீறியதென்றால் கேட்கவே வேண்டாம். ஈரத் துணிக்குள் மெல்ல நனையவிடுவது நல்லது.


கோப்பாய்த் தறை எழுதியது:

இப்போது குழுவில் பேசி முடிவெடுத்துவிட்டோம். விதையை ஊறவைக்காமல் அரிசி முறையில் உலர்த்தி அடைக்கிறோம். பைக்கற்றோடு ஒரு துண்டு வைப்போம், வாங்குகிறவரே விதைக்கிற முதல்நாள் ஊறவைக்கட்டும். கார்த்திகையில் எப்படிக் காயவைப்பது என்று இவ்வளவு நாளும் யோசித்தோம், விதைக்கிற நேரம் ஊறவைத்தால் காயவைக்கவே தேவையில்லை. அந்தப் படிக்கிற பிள்ளைக்குத்தான் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. துண்டில் என்ன எழுதலாம்?


விதைக்கூடம் எழுதியது:

பிள்ளையிடம் சொல்லுங்கள், யோசனை பிழையில்லை, நேரம்தான் மாற வேண்டும். இந்தியாவிலும் ஆபிரிக்காவிலும் கமக்காரரோடு சேர்ந்து செய்து பார்த்த முறையும் இதுதான்: இரவு ஊறவைத்து, மேலீரம் மட்டும் போகவிட்டு, அன்றைக்கே விதைப்பது.

துண்டுக்கு இது போதும்: "மிளகாய், கத்தரி, தக்காளி விதைகளை நல்ல தண்ணீரில் ஒரு இரவு ஊறவிடவும். காலையில் வடித்து, நிழலில் துணியில் பரப்பி, விரலில் ஒட்டாத பதத்தில் அன்றே விதைக்கவும். ஊறிய விதையை மீண்டும் சேமிக்க வேண்டாம்." மழையால் அன்றைக்கு விதைக்க முடியாவிட்டால் நிழலில் மெல்ல உலர்த்தி ஓரிரு நாளில் விதைக்கலாம், கிழமைக்கணக்கில் வைக்கக் கூடாது.


சுன்னாகச் சந்தி எழுதியது:

நான் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு சின்னப் போத்தல் ஊறவைத்து உலர்த்தி வைக்கத்தான் போகிறேன். எப்படிப் பார்ப்பது என்று சொல்லுங்கள், பிறகு வந்து இங்கே எழுதுகிறேன்.


விதைக்கூடம் எழுதியது:

நல்லது அண்ணை, அதுதான் சரியான வழி. ஒரே செடிகளின் விதையை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றை ஊறவைத்து உலர்த்துங்கள், மற்றதை அப்படியே விடுங்கள். இரண்டையும் மறுபடி ஒன்றாக அரிசியில் உலர்த்தி, ஒரே மாதிரிப் போத்தலில், ஒரே தட்டில் வையுங்கள். இப்போது ஒரு தரம், ஐப்பசியில் ஒரு தரம், கார்த்திகைக் கடைசியில் ஒரு தரம் ஒவ்வொன்றிலும் நூறு விதையை ஈரத் துணியில் போட்டுப் பாருங்கள். கடைசியில் எத்தனை முளைத்தது என்பதை மட்டும் எண்ணாமல் தினமும் எத்தனை என்று எழுதுங்கள், ஏனென்றால் முளைக்கிற எண்ணிக்கை விழுவதற்கு முன்னர் வேகம்தான் விழும். வளைந்து குறண்டிய முளைகளைத் தனியாக எண்ணுங்கள். பொறுமை இல்லாவிட்டால் இரண்டிலும் கொஞ்சத்தை எடுத்து, அடியில் தண்ணீர் உள்ள ரின்னில் தண்ணீர் படாதபடி ஒரு வலையில் வைத்து மூடி, சூடான இடத்தில் இரண்டு மூன்று நாள் விட்டு முளைக்கப் போடுங்கள். மாரி முழுவதும் செய்கிற வேலையை அந்த ரின் அதற்குள் செய்துவிடும்.


சுன்னாகச் சந்தி எழுதியது:

ரின் இருக்கிறது. கோப்பாய் அக்கா, உங்கள் மிளகாயில் ஒரு பைக்கற் எடுத்து வையுங்கள், சனிக்கிழமை சந்தைக்குப் போகிற வழியில் வருகிறேன்.